பிளக்கில் வைத்த பொட்டு

எங்கள் தோட்டத்து லொறிக்கு அப்பாதான் டிரைவர். இப்போதைய துரைக்கும் முந்திய துரை காலத்து லொறி அது. மேட்டில் முக்கும், இறக்கத்தில் முனகும். ஆனாலும் தேயிலைப் பெட்டிகளைத் தினமும் காலையில் வட்டகொடை ஸ்டேஷனுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். மலையில் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டிக்கொண்டிருந்த ஒருவர் காக்கிச் சட்டை போட்டு ஸ்டியரிங் பிடிப்பது எங்கள் லயத்து வீடுகளில் சின்ன விஷயமில்லை. அந்தப் பெருமையில் அப்பாவைவிட அம்மாவுக்குத்தான் பங்கு அதிகம். தண்ணீர் கொட்டும் பீலியில் குடத்தை வைத்துவிட்டு அவள் என்ன கதை பேசினாலும் நடுவில் லொறி ஒருமுறை வந்து போகும்.

அந்த வருஷம் ஆயுத பூசைக்கு லொறியை அம்மாவே குளிப்பாட்டினாள். சக்கரத்துக்கும் விளக்குக்கும் ஸ்டியரிங்குக்கும் சந்தனம், அதன்மேல் குங்குமம். பிறகு இஞ்சின் மூடியைத் திறக்கச் சொன்னாள். உள்ளே எல்லாம் ஒரே கரியும் எண்ணெயும். பெட்ரோலைப் பற்றவைக்கிற நாலு பிளக்குகள் மட்டும் பீங்கான் கழுத்தோடு வெள்ளைவெளேரென்று நின்றன. சாமி இருப்பது அங்கேதான் என்று அம்மா முடிவு கட்டிவிட்டாள். ஒவ்வொரு வெள்ளைக் கழுத்திலும் ஈரச் சந்தனத்தை அப்பிப் பொட்டு வைத்தாள்.

மறுநாள் காலையில் லொறி மக்கர் பண்ணியது. கிளம்பத்தான் கிளம்பியது; ஆனால் நின்ற இடத்தில் ஓடவிட்டால் குளிர்காய்ச்சல் கண்ட ஆளைப்போல உதறி, இருமி, அணைந்துபோனது. வெயில் ஏறியபின் ஒரு குறையும் தெரியாது. அடுத்த நாள் விடிந்தால் பழைய குருடி கதவைத் திறடி.

அப்பா பெட்ரோல் குழாயை ஊதினார், காபரேட்டரைக் கழற்றிக் கழுவினார். பிளக்குகளையும் கழற்றி, அடிமுனையில் இருந்த கரியைச் சுரண்டிவிட்டு, மேலே இருந்த பொட்டு கலையாமல் பயபக்தியோடு திருப்பி மாட்டினார். சாமிக்கு வைத்ததை யாராவது துடைப்பார்களா? அம்மா, "கண்ணு பட்டிருக்குங்க, வேற ஒண்ணுமில்ல" என்று ஒவ்வொரு அந்தியிலும் பொட்டைப் புதுப்பித்தாள்.

ஒருநாள் பெட்டிகள் ரயிலைத் தவறவிட்டன. துரை அப்பாவைக் கூப்பிட்டு, இன்னொரு தடவை இப்படி நடந்தால் லொறியை வேறு ஆளிடம் கொடுத்துவிட்டு மலை வேலைக்கே திரும்ப வேண்டியதுதான் என்று சொல்லிவிட்டார். அன்று அப்பா சாப்பிடவில்லை. அம்மா காக்கிச் சட்டையைத் துவைத்து அடுப்புக்கு மேலே காயப்போட்டாள். இனி அது எத்தனை நாளைக்கோ என்று எனக்கே அழுகை வந்தது.

மறுநாள் விடிந்தும் விடியாத நேரம். ஒரே பனிமூட்டம். நானும் அம்மாவும் தேத்தண்ணி கொண்டுபோனபோது லொறி வழக்கம்போல் உதறிக்கொண்டிருந்தது. அப்பா கையில் துணியைச் சுற்றிக்கொண்டு பிளக் வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டினார். நல்ல பிளக்கின் வயரைக் கழற்றினால் இஞ்சின் இன்னும் தொய்ந்துபோகும். ஒரு மாற்றமும் இல்லையென்றால் அது ஏற்கெனவே செத்த பிளக். மூன்றாவதில் ஒரு மாற்றமும் இல்லை. வயரை மாட்டிவிட்டுக் குனிந்து பார்த்தார். நாங்களும் பார்த்தோம். பிளக்கின் உச்சியிலிருந்து ஈரப் பொட்டின் வழியாக நீலமாக ஒரு பொறி நெளிந்து இறங்கிக்கொண்டிருந்தது.

அம்மா தேத்தண்ணியை என்னிடம் கொடுத்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"மாரியாத்தா, கண்ணத் தொறந்துட்டியாம்மா" என்று அழுதே விட்டாள்.

அப்பா கொஞ்சநேரம் பொறியையும் அவளையும் மாறிமாறிப் பார்த்தார். பிறகு அம்மாவிடம், "புள்ள, வூட்ல சூடம் இருந்தா எடுத்துக்கிட்டு வா" என்றார்.

அவள் ஓடினாள். அவள் தலை மறைந்ததும் அப்பா இஞ்சினை அணைத்துவிட்டு, நாலு பொட்டையும் துணியால் அழுத்தித் துடைத்தார். நான் தேத்தண்ணியோடு ஒரு எட்டு பின்வாங்கினேன். அவர் என்னைப் பார்த்து வாயில் விரலை வைத்தார். மறுபடி கிளப்பியபோது லொறி ஒரு உதறல்கூட இல்லாமல் சீராக ஓடியது. மூடியை இறக்கிவிட்டார்.

சூடத்தோடு வந்த அம்மா அந்தச் சத்தத்தைக் கேட்டு அப்படியே நின்றாள். "என்னாங்க இது?"

"எல்லாம் நீ வச்ச பொட்டு செஞ்ச வேலதான்" என்றார் அப்பா. "இனிமே உள்ளுக்கு வைக்காத, முன்னுக்கு வை. எதுக்க வர்றவன் கண்ணு அங்கதானே படும்."

அது அம்மாவுக்கு நியாயமாகப் பட்டது. லொறியின் முகத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பொட்டு வைத்துச் சூடம் காட்டினாள். பெட்டிகள் அன்று நேரத்துக்கு ரயிலேறின. அதன்பிறகு துரை அந்தப் பேச்சை எடுக்கவில்லை. பீலிக்கரையில் நீலப் பொறியின் கதை மட்டும் வாரத்துக்கு வாரம் வளர்ந்தது.

எனக்குத்தான் அப்பாமேல் மனத்தாங்கல். பொட்டைத் துடைத்ததுமல்லாமல், பொட்டுதான் காரணம் என்று அம்மாவிடம் கூசாமல் பொய் சொல்கிறாரே என்று கொஞ்சநாள் அவரோடு சரியாகப் பேசவில்லை. பிளக்கின் பீங்கானில் ஈரம் இருந்தால் மின்சாரம் உள்ளே போகாமல் வெளியிலேயே ஒழுகிவிடும் என்பது எனக்குத் தெரியவந்தபோது நான் இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். அவர் சொன்னதை அன்று மறுபடி சொல்லிப் பார்த்தேன். அதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. லொறி சீராக ஓடிய அந்தக் காலையில் அவர் பொய்யென்று ஏதாவது சொல்லியிருந்தால், அது சூடம் கேட்டதுதான்.