சன்னலைச் சாத்திவிட்டுச் சொன்னார்

எங்கள் மருமகள் ஒரு தெருவுக்குள் நுழைந்தால், பூட்டிய வீட்டுப் பூனைகூட எட்டிப் பார்த்து எந்தக் கட்சிக்கு ஓட்டு என்று சொல்லிவிட்டுப் போகும். பூனை கொஞ்சம் அதிகப்படிதான், ஒப்புக்கொள்கிறேன். மனிதர்கள் சொன்னார்கள்; அதில் கலப்படம் இல்லை.

கருத்துக்கணிப்பு நிறுவனம் ஒன்றில் வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்பது அவள் வேலை. அந்த வேலைக்கு முகம் ஆகாது. பதில் சொல்பவர் முன் தலையாட்டக் கூடாது, சிரிக்கக் கூடாது, புருவம் ஏறக் கூடாது. அவளுக்கு அது கைவந்த கலை. உடன் வேலை பார்ப்பவர்கள் கல்முகம் என்றே கூப்பிட்டார்கள். கணவன் புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்து நின்றாலும், "நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்று அவனையே திருப்பிக் கேட்பாள். ஆனால் அந்த வேலையின் மேல் அவளுக்குப் பக்தியே இருந்தது. மாடிப்படிக்கு அடியில் குடியிருப்பவர் சொல்லும் சொல், கூட்டாமல் குறைக்காமல், மேலே இருப்பவர் காதில் விழ வேறு வழி ஏது என்பாள்.

ஆளுங்கட்சி மறுபடி ஜெயித்து வந்த வருஷம் அது. ஒரு குடியிருப்பின் மூன்றாம் மாடியில் தையல்காரம்மா ஒருத்தி கதவைத் திறந்தாள். உலகத்தில் மக்களாட்சிக்கு என்ன ஆபத்து என்று கேட்டதும் அந்த அம்மாளுக்கு வாய் கொள்ளவில்லை.

"எங்கயோ ஒரு நாட்டுல பட்டாளம் பார்லிமெண்டுக்குள்ள பூந்துடுச்சாமே. இன்னொருத்தன் தோத்த பிறகும் நாற்காலிய விட்டு எழுந்திருக்க மாட்டேங்குறானாம். ஜனங்க என்னதான் செய்வாங்க, பாவம்."

"நம்ம நாட்டுல? எந்தக் கட்சி நல்லா செய்யுதுன்னு நினைக்கிறீங்க?"

தையல்காரம்மா எழுந்தாள். மாடிப்படியை எட்டிப் பார்த்தாள். சன்னலைச் சாத்தினாள். பிறகு மெஷினில் உட்கார்ந்து ஓட்டத் தொடங்கினாள். ஊசிக்கு அடியில் துணியே இல்லை.

"எல்லாரும் நல்லாத்தான் செய்யுறாங்க" என்றாள், அந்தச் சத்தத்துக்குள்.

"கருத்தை வெளிய சொல்லப் பயமா இருக்கா?"

"எனக்கென்னங்க பயம்? எழுதிக்குங்க, பயமே இல்ல."

வாய் சொன்னதைத்தான் பதிய வேண்டும். கல்முகம் கையிலிருந்த டேப்லெட்டில் 'அச்சம் இல்லை' என்று அழுத்திவிட்டுப் படியிறங்கினாள்.

சில வாரம் கழித்து டிவியில் முடிவு வந்தது. பெரும்பாலான மக்களுக்குக் கருத்துச் சொல்ல அச்சமே இல்லையாம். ஆளுங்கட்சிக்காரர் மேசையைத் தட்டினார். எதிர்க்கட்சிக்காரர் கையிலிருந்த தாளைப் புரட்டினார்.

"பாத்தியா, நீ கொண்டுவந்து குடுத்த பதில்தான்" என்றான் கணவன் பெருமையாக. அவள் எழுந்து டிவியை அணைத்தாள். ஒரு பொய்யும் எழுதாமல் ஊரளவு பொய்க்குத் துணை போயிருக்கிறோம் என்பது அவளுக்கு அன்று உறைத்தது.

அடுத்த சுற்றில், ஒவ்வொரு பதிலுக்கும் கீழே இருந்த, யாரும் தொடாத குறிப்புக் கட்டத்தை அவள் நிரப்பத் தொடங்கினாள். சன்னலைச் சாத்திவிட்டுச் சொன்னார். டிவி சத்தத்தைக் கூட்டிவிட்டுச் சொன்னார். எதிர்வீட்டுக் கதவைப் பார்த்தபடியே சொன்னார்.

மேலாளர் கூப்பிட்டனுப்பினார்.

"நாம பதிலைக் கேட்டோமா, ஜன்னலைக் கேட்டோமாம்மா?"

"ரெண்டும் சேர்ந்துதான் சார் பதில்."

"அழிச்சுடுங்க. இல்லேன்னா வேற ஆளைப் பார்த்துக்கறோம்."

அந்தச் சம்பளத்தில்தான் வீட்டு வாடகை ஓடியது. ஆனாலும் அவள் அசையவில்லை. மேலாளர் எழுந்துபோய் அறைக் கதவைச் சாத்தினார். குரலைத் தாழ்த்தி, "இந்த நாட்டுல யாருக்கும்மா பயம்?" என்று கேட்டார். கல்முகம் அன்றுதான் வேலை நேரத்தில் முதல் தடவையாகச் சிரித்தது. "இப்ப நீங்க கதவைச் சாத்திட்டுக் கேட்டதையும் எழுதிக்கட்டுமா சார்?" அவள் நிமிர்ந்த தலையோடு வெளியே வந்தாள்.

இதுவரை நான் எழுதி வாசித்துக் காட்டியபோது, மருமகள் துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். கடைசி வரியில் கை நின்றது.

"நான் அப்படி எதுவும் கேக்கல அத்தை. குறிப்பையெல்லாம் அவர் கண்ணு முன்னாடியே அழிச்சேன். உங்களுக்கு எதாவது பயமாம்மான்னு கேட்டார். இல்ல சார்னு சொன்னேன்."

தலையணை உறையை எடுத்து நான்காக மடித்தாள்.

"கதவைச் சாத்தினதும் அவர் இல்ல. நான்தான் எழுந்து போய்ச் சாத்திட்டு வந்து சொன்னேன்."