பிளம்பர் வைத்த டெஸ்ட்

எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் பிளம்பர் முதலில் செய்வது, முன்னால் வந்து போனவனைத் திட்டுவதுதான். பாத்திரம் கழுவும் தொட்டிக்கு அடியில் தலையை விட்டுக்கொண்டே, எந்த மடையன் மாட்டிய ஜாயிண்ட் இது என்பார். பல சமயம் மாட்டியவர் அவரேதான். வீட்டுக்காரர்கள் நாகரிகம் கருதிச் சொல்வதில்லை.

அவர் மனைவிக்கு அந்த நாகரிகம் எப்போதோ தீர்ந்துபோயிற்று. ரத்தம் போவது தெரிந்தும் ஒரு வருஷம் மூலம், மூலம் என்று களிம்பு தடவிக்கொண்டு திரிந்த மனிதர். மலக்குடலின் கடைக்கோடியில் புற்றுநோய் என்று தெரிந்த பிறகும் வெளியில் வயிற்றுப்புண் என்றே சொல்லிக்கொண்டார். இடத்தைச் சொன்னால் கௌரவம் போய்விடுமாம்.

சர்ஜன் ஓர் இளம்பெண். கட்டி இவ்வளவு கீழே இருந்தால் ஆசனவாயையே மூடிவிட்டு, ஆயுசுக்கும் மலம் போக வயிற்றில் பை மாட்ட வேண்டிவரும் என்றார். ஆனால் கொடுத்த கதிர்வீச்சில் கட்டி சுருங்கியிருப்பதால் சிறு துளைகள் போட்டு, கேமரா விட்டு வெட்டியெடுத்து, மிச்சக் குடலைக் கீழே இணைத்துப் பார்க்கலாம். இணைப்பு ஆறும்வரை மட்டும் பை இருக்கும். பிளம்பர் பாதியைத்தான் காதில் வாங்கினார். சின்னத் துளை, சின்ன வேலை என்று மச்சானிடம் அளந்துவிட்டார்.

வேலை சின்னதில்லை. ஆனாலும் நன்றாகவே முடிந்தது. வீட்டில் பையை மாற்றுவது மனைவி. அந்நேரம் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வது அவர். ஜாயிண்ட் போட்டால் உடனே தண்ணீர் விட்டுப் பார்க்க வேண்டாமா, இப்படி மாசக்கணக்கில் சும்மா போட்டுவைக்கிறவர் என்ன டாக்டர் என்று ஓயாமல் முனகினார்.

ஒரு மத்தியானம் அவள் துணி காயப்போட மாடிக்குப் போய்விட்டு இறங்கி வந்தால், மனிதர் குளியலறைத் தரையில் சுருண்டு கிடக்கிறார். பக்கத்தில் மெல்லிய ரப்பர் குழாய். மறுமுனையைத் தண்ணீர்க் குழாயில் மாட்டி, கிளிப் போட்டு இறுக்கியிருந்தார். தொழில் சுத்தம்.

இணைப்பு விட்டுப்போய், உள்ளே சீழ் வைத்து, மறுபடி ஆபரேஷன். இம்முறை கீழ்வழியை மூடிவிட்டார்கள். பை நிரந்தரம்.

பார்க்க வந்த மச்சானிடம், "அந்தப் பொண்ணு போட்ட ஜாயிண்ட் லீக்காயிடுச்சு" என்றார் பிளம்பர்.

"அது நல்லாத்தான் இருந்துச்சுண்ணே," என்றாள் மனைவி. "இவருதான் குழாயைச் சொருகித் திறந்துவிட்டாரு. எங்கேன்னு நீயே கேளு."

அண்ணன் கேட்கவில்லை. மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அவள் புதுப்பையையும் கத்தரிக்கோலையும் கணவர் மடியில் வைத்தாள். "இனிமே நீங்களே மாத்திக்கங்க. தெரியலைன்னா அந்தப் பொண்ணுக்கு ஃபோன் பண்ணிக் கேளுங்க."

முதல் பையில், வயிற்றுத் துளையின் அளவுக்கு வெட்டவேண்டிய ஓட்டையைப் பெரிதாக வெட்டிவிட்டார். அவள் அடுத்ததை எடுத்து நீட்டினாள்.