மேல்வீட்டுக்காரிக்கு வசனம் வரவில்லை

என் மனைவி ஜெஸியின் கதைகளில் யாருக்கும் கோபம் நிற்காது. மாமியார் தட்டை வீசி எறிவாள். நாம் நிமிர்ந்து உட்காருவோம். அடுத்த நிமிடமே மருமகள் அந்தத் தட்டைப் பொறுக்கிக் கழுவி வைத்து, "என்னை மன்னிச்சிருங்க அத்தை" என்பாள். மாமியார் அழுவாள். இருவரும் முழங்காலில் நின்று ஜெபம் செய்வார்கள். கதை முடிந்தது.

எனக்குப் பற்றிக்கொண்டு வரும். "ஏ பிள்ள, ஒன் கதையில ஒரு சண்டையாவது ஒரு நாள் முழுக்க நிக்கட்டும். எங்க ஆபீஸ்ல ஒரு ஸ்டேப்ளருக்காக மூணு மாசமா ரெண்டு பேரு பேசாம இருக்கானுவ" என்பேன்.

"ஒங்களுக்கு சண்டதான் கேக்கு" என்பாள். அதோடு சரி. வீட்டிலும் அவள் அப்படித்தான். பேச்சு தடிக்கும்போலத் தெரிந்தால் எழுந்து போய் பாத்திரம் கழுவுவாள்.

ஜெஸி செம்பூரில் ஒரு பல் டாக்டரின் கிளினிக்கில் முன்மேசையில் இருக்கிறாள். தாராவியிலேயே பிறந்து, இந்தி மீடியத்தில் படித்தவள். தமிழ் பைபிளை இன்றைக்கும் எழுத்துக்கு அடியில் விரலை ஓட்டித்தான் படிப்பாள். ஆனால் கதை கேட்பதில் பைத்தியம். சயானில் ரயில் ஏறி குர்லாவில் மாறி செம்பூரில் இறங்கும் வரை, லேடீஸ் டப்பாவில் காதில் ஒயரை மாட்டிக்கொண்டு, போனில் வரும் தமிழ்க் கதைகளைக் கேட்டுக்கொண்டே போவாள். ஒருநாள் வந்து, "இத விட நான் நல்லா சொல்லுவேன்" என்றாள். சொல்லவும் தொடங்கிவிட்டாள். அவள் வாயால் சொல்வாள், போன் அதைக் கேட்டு எழுத்தாக்கும், கதை போடுகிற கம்பெனிக்கு அது போகும்.

எழுதும் நேரம் என்று ஒன்றை அவள் வைத்துக்கொண்டது தண்ணீரை வைத்துத்தான். எங்கள் சந்தில் விடிகிற வேளையில் குழாயில் தண்ணீர் வரும். அது நிற்கும்வரை யாருக்கும் மூச்சு விட நேரமில்லை. எங்கள் டிரம் நிரம்பியதும் ரப்பர் டியூபை மேலே நீட்டுவோம். மேலே மாலாவில் என் அண்ணன் தனசீலனும் லிசா மைனியும் இருக்கிறார்கள். பம்பாயில் வீட்டுக்கு மேல் வீடாக ஏற்றிக் கட்டுவதை மாலா என்றுதான் சொல்வோம். இரும்பு ஆங்கிள், பலகைத் தரை, தகரக் கூரை, வெளியே செங்குத்தாக ஓர் இரும்பு ஏணி. அவர்கள் டிரம் நிரம்பியதும் மைனி காலால் பலகையில் ஒரு தட்டுத் தட்டுவாள். நான் குழாயை மூடுவேன். அந்தத் தட்டுச் சத்தம் கேட்டதும் ஜெஸி ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து போனைக் கையில் எடுப்பாள். காய்ச்சலானாலும் சரி, கிறிஸ்மஸ் ஆனாலும் சரி. கதை வராத அன்றும் வாளியில் உட்கார்ந்திருப்பாள். ஒரு வாரத்தில் விட்டுவிடுவாள் என்று நினைத்தேன். இரண்டு மழைக்காலம் போயும் விடவில்லை. மழை என்றால் அவளுக்குக் கணுக்கால் வலி வேறு. தைலத்தைத் தேய்த்துக்கொண்டே சொல்வாள்.

ஒரு நாள் அந்தக் கம்பெனியிலிருந்து கதை தேர்ந்தெடுக்கிற பெண் கூப்பிட்டாள். மானசா என்று பெயர், மாட்டுங்காக்காரி. அங்கே ஒரு ஓட்டலில் காபிக்கு வரச் சொன்னாள். ஜெஸி பயந்துபோய் என்னையும் இழுத்துக்கொண்டு போனாள்.

"அக்கா, நீங்க தெனமும் விடாம அனுப்பறேள். அதுவே பெரிசு. நெறைய பேர் பத்து நாள் எழுதிட்டுக் காணாமப் போயிடறா" என்றாள் மானசா. "ஆனா உங்க கதையில யாருக்கும் எதுவும் வேண்டியே இருக்கலையே. அப்பறம் எதுக்கு அடுத்த பாகம் கேப்பா?"

"சண்ட போடச் சொல்லுதியளா?" என்று கேட்டாள் ஜெஸி.

"சத்தம் வேண்டாம். ஏதோ ஒண்ணு, அது ரெண்டு பேருக்கும் வேணும். ரெண்டு பேர் கேக்கறதும் நியாயமா இருக்கணும். யார் பக்கம் போறதுன்னு கேக்கறவாளுக்கே தவிப்பா இருக்கணும். அப்படி ஒண்ணு குடுங்கோ, தொடரா போட்டுடலாம். இதுவும் பழைய மாதிரியே வந்தா என்னால ஒண்ணும் பண்ண முடியாது."

திரும்பி வரும்போது ஜெஸி எனக்கு முன்னால் விறுவிறுவென்று நடந்தாள். "ரெண்டு பேருக்கும் வேணும், ரெண்டும் நியாயம்" என்று முணுமுணுத்துக்கொண்டே வந்தாள். ரோட்டைக் கடக்கும்போது ஒரு டாக்சிக்காரன் கத்தினான். அதுகூட அவள் காதில் விழவில்லை. நான்தான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், "எதுக்கு இவ்வளவு டென்ஷன்? நம்ம வீட்டயே எழுது" என்றேன்.

அவள் நின்றுவிட்டாள். சொன்ன வார்த்தையைப் பிடித்து விழுங்கிவிடலாமா என்று எனக்கு இருந்தது.

ஏனென்றால் எங்கள் வீட்டில் நாங்கள் பேசாமல் வைத்திருந்த ஒரே விஷயம் அந்த வீடுதான். சந்தை இடித்துக் கட்டிடம் கட்டப் போகிறார்கள் என்று வந்து அளந்துவிட்டு, கதவில் நம்பர் எழுதிவிட்டுப் போயிருந்தார்கள். அன்றிலிருந்து ஊர் முழுக்க ஒரே பேச்சு. கீழ்வீட்டில் இருப்பவர்களுக்கு இங்கேயே பிளாட்டாம். மாலாவில் இருப்பவர்களுக்கு எங்கேயோ தூரத்திலாம். சிலர் அதுவும் கிடையாது என்றார்கள். எது நிஜம், எது புரளி என்று யாருக்கும் தெரியாது. நாங்கள் இரண்டு குடும்பமும் ஞாயிறுதோறும் கோயிலில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தோம், மீன் குழம்பு கிண்ணம் மேலும் கீழும் போய் வந்தது, அந்த நம்பரைப் பற்றி மட்டும் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. எனக்கு இருப்புக் கொள்ளாது. அண்ணன் இறங்கி வரும் சத்தம் கேட்டால் இன்றைக்குக் கேட்டுவிடுவானோ என்று துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போய்விடுவேன்.

மறுநாள் மைனியின் தட்டுக் கேட்டதும் ஜெஸி வாளியில் உட்கார்ந்தாள். கதையில் ஒரு கீழ்வீட்டுக்காரி, ஒரு மேல்வீட்டுக்காரி. அண்ணன் தம்பி மனைவிமார். வீட்டை அளக்க வருகிறார்கள். "ஏ பிள்ள, இது நம்ம வீடுல்லா?" என்றேன்.

"ஊரு பேரெல்லாம் மாத்திருக்கேன்" என்றாள்.

கீழ்வீட்டுக்காரிக்கு வசனம் அருவியாகக் கொட்டியது. மேல்வீட்டுக்காரிதான் வாயே திறக்கவில்லை. திறந்தாலும், "சரி, நீங்களே வச்சிக்கிடுங்க" என்றாள். மானசா திருப்பி அனுப்பிவிட்டாள். மேலே இருக்கிறவள் இவ்வளவு சுலபமாக விட்டுக்கொடுக்க மாட்டாள், அவளுக்கும் ஒரு நியாயம் இருக்குமே, அது எங்கே என்று கேட்டிருந்தாள்.

ஜெஸி மறுபடி சொன்னாள். மறுபடியும் மேல்வீட்டுக்காரி ஊமைதான். அந்த ஆத்திரத்தில் கீழ்வீட்டுக்காரியின் பேச்சை இன்னும் காரமாக்கினாள். ரயிலில் யோசித்தாள், குழம்பு கிண்டும்போது யோசித்தாள், இரண்டு தடவை உப்புப் போட்டாள். ஒரு காலையில் சந்தில் யாரோ கிரைண்டர் போட்டிருந்தார்கள். போனுக்குக் கேட்க வேண்டுமே என்று இவள் குரலை உயர்த்திச் சொன்னாள்:

"மேல இருக்கவிய யாரு? வந்து ஒட்டிக்கிட்டவியதான? நாலு ஆணியக் கழட்டுனா அவிய வீடு போச்சு. எங்க வீடு அப்படியா?"

மேலே நடந்துகொண்டிருந்த கால் சத்தம் நின்றது. நான் கவனித்தேன். ஜெஸி கவனிக்கவில்லை. எங்களுக்கும் மேல்வீட்டுக்கும் நடுவில் இருப்பது ஒரு விரல் கனத்துப் பலகை. அவர்கள் இருமினால் எங்களுக்குக் கேட்கும். அதைத் தெரிந்தே வாழ்கிறவர்கள்தான் நாங்கள். ஆனால் கதை சொல்லும்போது அது மறந்துபோகிறது.

அடுத்த நாள் மேலே டியூபை நீட்டினேன். யாரும் வாங்கவில்லை. தட்டுச் சத்தமும் வரவில்லை. மைனி எதிர்வீட்டு நூர் நிஷாவின் குழாயில் குடம் பிடித்து, ஏணியில் சுமந்து ஏறினாள். ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வேறு பெஞ்சில் உட்கார்ந்தான். பாட்டுப் பாடும்போதும் இந்தப் பக்கம் திரும்பவில்லை.

மறுநாள் வேலைக்குக் கிளம்பிய என்னை நூர் நிஷாதான் சந்து முனையில் நிறுத்தினாள். "அரே ஸ்டெர்லின் பாய், க்யா ஹுவா, என்ன ஆச்சு? ஒட்டிக்கிட்டு வந்தவங்கன்னு சொன்னீங்களாமே? லிசா அக்கா மூணு நாளா சரியா சாப்டல."

இந்த ஊரில் அண்ணனை விட்டால் எனக்கு யார் இருக்கிறார்கள்? வீட்டுக்கு ஓடி வந்து ஜெஸியிடம் கத்தினேன். "சண்ட எழுதுன்னா வீட்டுக்குள்ளயே பத்த வச்சிட்டியே! அழி எல்லாத்தையும். ஒரு கதையும் வேண்டாம்."

அவள் பாத்திரம் கழுவப் போகவில்லை. அப்படியே உட்கார்ந்து அழுதாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அழிச்சா நான் நெசமாவே பேசுனதா ஆயிரும். மொத்தத்தையும் அக்காகிட்ட போட்டுக் காட்டுதேன். கதன்னு தெரியட்டும்" என்று எழுந்தாள்.

ஜெஸி அந்த ஏணியில் ஏறி நான் பார்த்தது அபூர்வம். இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியிலும் நின்று நின்று ஏறினாள். நான் பின்னாலேயே போய் ஏணியின் பாதியில் நின்றேன். உள்ளே போக எனக்குத் தைரியம் வரவில்லை.

மைனி தரையில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். அண்ணன் வேலைக்குப் போயிருந்தான். ஜெஸி போனைத் தரையில் வைத்து, கதையை அதன் வாயாலேயே படிக்கவிட்டாள். மைனி கை வேலையை நிறுத்தாமல் முழுவதும் கேட்டாள்.

"அக்கா, இது கதக்கா. நான் யாருகிட்டயும் ஒங்களப் பத்திப் பேசல."

"கததான், வெளங்குது" என்றாள் மைனி. "ஆனா ஒண்ணு சொல்லட்டா? கீழ இருக்கவ பேசுததெல்லாம் நெசமா இருக்கு. மேல இருக்கவ பேசுததுதான் கதையா இருக்கு. அது ஏன்ட்டி?"

ஜெஸி தலையைக் குனிந்துகொண்டாள்.

"அவளுக்கு என்ன சொல்லணும்னே எனக்குத் தெரியலக்கா."

மைனி வெங்காயத்தைக் கீழே வைத்தாள். குரல் உயரவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"தெரியலயா? இந்த மாலா யாருக்குக் கட்டுனது? ஒங்க கல்யாணத்துக்கு ஒங்களுக்குன்னு என் வீட்டுக்காரரு ஞாயித்துக்கிழம ஞாயித்துக்கிழம ஆங்கிள் சொமந்து கட்டுனது. கீழ இருந்தது நாங்க. மொத மழையில நீ இந்த ஏணியில குடத்தோட வழுக்கி விழுந்து கணுக்கால ஒடச்சிக்கிட்ட. ஒன்ன கீழ படுக்க வச்சிட்டு நான் என் சட்டி பானையத் தூக்கிட்டு மேல ஏறுனேன். கால் சரியாவட்டும்னுதான் ஏறுனேன். சரியாச்சு. யாராவது 'அக்கா, எறங்கி வாங்க'ன்னு சொன்னியளா? நானும் கேக்கல. இப்ப அளக்க வந்தவன் நான் எங்க நிக்கேன்னுதான் பாத்தான். ஏன் அங்க நிக்கேன்னு கேக்கல. நீயுமா கேக்க மாட்ட?"

எல்லாம் எங்களுக்குத் தெரிந்ததுதான். ஒவ்வொரு மழைக்கும் ஜெஸியின் கணுக்கால் சொல்லிக்கொண்டிருந்ததுதான். ஆனால் ஒருவர் வாயால் வரிசையாகக் கேட்டபோது எனக்கு உடம்பு கூசியது.

ஜெஸி மைனியின் கையைப் பிடித்துக்கொண்டு விம்மினாள். நான் நினைத்தேன், இதோ மன்னிப்பு, இதோ ஜெபம், முடிந்தது என்று. மைனி கையை மெல்ல விடுவித்துக்கொண்டாள்.

"அழுகைய விடு. ஒன் கதையில இப்ப வீடு யாருக்கு?"

"இன்னும் சொல்லலக்கா."

"சொல்லு. தெனமும் சொல்லுத மாதிரி சத்தமா சொல்லு. எனக்குக் கேக்கணும்."

அன்று முழுக்க குர்லா பார்சல் ஆபீஸில் என் மேசையில் ஒரு வேலையும் ஓடவில்லை. தப்பான பார்சலைத் தப்பான வண்டியில் ஏற்றினேன். ஜெஸியும் வீட்டுக்கு வந்து பேசவில்லை. மேல்வீட்டுக்காரியின் வசனத்தை மட்டும் உதட்டுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

விடிந்தது. தண்ணீர் வந்தது. டியூபை நீட்டினேன். மேலே ஒரு கை வாங்கிக்கொண்டது. நிரம்பியதும் ஒரு தட்டு. ஜெஸி வாளியைக் கவிழ்த்தாள்.

மேல்வீட்டுக்காரி இந்த முறை பேசினாள். ஆங்கிள், ஏணி, குடம், கணுக்கால், எல்லாம் வந்தது. கீழ்வீட்டுக்காரியும் விடவில்லை. இத்தனை வருடம் இந்தத் தரையைத் தேய்த்துக் கழுவி, மழைத் தண்ணீரை முறத்தால் இறைத்து, எலியோடு குடித்தனம் செய்தது நான்தானே என்றாள். அதுவும் நியாயமாகத்தான் இருந்தது. எனக்கு யார் பக்கம் போவதென்று தெரியவில்லை. நின்றேன், உட்கார்ந்தேன், மூடிய குழாயையே மறுபடி மூடினேன்.

மேலே இரண்டு பேர் நடக்காமல் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

ஜெஸி நிறுத்தினாள். போனைக் கையில் பிடித்தபடியே என்னைப் பார்த்தாள். "இனிமே எனக்கு வரல. நீங்க சொல்லுங்க. வீடு யாருக்கு?"

அவள் கதைகளை இத்தனை நாள் கிண்டலடித்த வாயிலிருந்து என்ன வந்தது தெரியுமா? "ரெண்டு பேரும் ஜெபம் பண்ணி சமாதானமாயிட்டாங்கன்னு முடிச்சிரேன்."

பலகைக்கு மேலிருந்து அண்ணனின் குரல் வந்தது. நாலைந்து நாட்களுக்குப் பிறகு அவன் என்னிடம் பேசிய முதல் பேச்சு அது.

"ஏல ஸ்டெர்லின், அந்தக் கத வேண்டாம். அவ கேட்டதுக்குப் பதில் சொல்லு."

அது பலகை வழியாகச் சொல்கிற பதில் இல்லை. நான் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து ஏணியில் கால் வைத்தேன். படி ஈரமாக இருந்தது. ஜெஸி போனை அணைக்கவில்லை.