செலண்டார் லைனும் பிலோமினா அக்காவும்

தூரத்தில் இருக்கும் ரவுட்டரின் வேகத்தைச் சோதிப்பது, பக்கத்து ஊர்க்காரரின் பல்வலியைப் போனில் கேட்டு மருந்து சொல்வது மாதிரியான தொழில். இதைச் செய்து நொந்தவர் யாராவது படித்தால், முதலில் கையைக் கொடுங்கள்.

தொண்ணூறுகளின் கடைசியில், பாச்சாங்கில் ஒரு செம்பனை எண்ணெய்க் கம்பெனியில் எனக்கு வேலை. எங்களுக்கும் செலண்டார் கிளைக்கும் நடுவே புது லைன் போட்டு, இரண்டு முனையிலும் ஒவ்வொரு ரவுட்டர் வைத்திருந்தோம். மறுநாள் எந்தத் தோட்டத்துக்கு எந்த லாரி என்று முடிவு செய்ய, செலண்டாரிலிருந்து மூன்று மணிக்குக் கிளம்பும் ஃபைல் மூன்றரைக்குள் வந்தாக வேண்டும். லைன் தேறும்வரை அதே ஃபைலை டிஸ்கெட்டிலும் போட்டு, அங்கே கிராணியாகக் கணக்கெழுதிக்கொண்டிருந்த பிலோமினா அக்கா தினமும் பஸ்ஸில் கொண்டுவர வேண்டும் என்பது முதலாளி மிஸ்டர் டானின் உத்தரவு. அக்கா வீடு போய்ச் சேர எட்டு மணியாகும். ஒரு மாதத்தில் லைன் தேறாவிட்டால் அதற்கு மூடுவிழா, அக்காவுக்கு ஆயுசுக்கும் பஸ். செலண்டாருக்கு ஆள் அனுப்ப முடியாது, உட்கார்ந்த இடத்திலிருந்தே பார் என்றும் எனக்குச் சொல்லிவிட்டார்.

சிவப்பு விளக்கு

முதல் நாள் போன் செய்து, பெட்டியில் என்ன விளக்கு எரிகிறது என்று கேட்டேன். பச்சை ஒன்று, சிவப்பு ஒன்று என்றார் அக்கா. எங்கள் ரவுட்டரில் சிவப்பே கிடையாது. அரை மணி நேரம் கையேட்டைப் புரட்டி வியர்த்த பிறகுதான் தெரிந்தது, அக்கா பார்த்துச் சொன்னது ஐஸ்பெட்டியின் மேல் இருந்த ஸ்டெபிலைசரை.

“அப்ப ரவுட்டர் எங்கக்கா?”

“இரும்பு அலமாரியில. துண்டு சுத்தி, பூட்டி வச்சிருக்கோம். வெல ஒசந்த சாமான், தூசி படலாமா?”

திறந்து தொட்டவர் “ஐயோ” என்று போனில் அலறினார். தோசைக்கல்லாகக் கொதித்திருக்கிறது. துண்டை எடுத்து வெளியே வைக்கச் சொன்னேன். அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது. “வெளிய வச்சா தூசி, உள்ள வச்சா சூடு. பேசாம பெட்டிய நீங்களே வச்சிக்கிட்டு, எங்களுக்கு வேகத்த மட்டும் அனுப்புங்க லா!”

நூற்றுக்கு நூறு

அதன்பின் தினமும் அக்காவுக்குப் போன் செய்து சொல்லிவிட்டு, என் ரவுட்டரிலிருந்து அவர்கள் ரவுட்டருக்குப் பெரிய பெரிய தகவல் பொட்டலங்களாக அனுப்பி வேகத்தைப் பார்ப்பேன். பிரமாதம். ஆனால் மூன்று மணி ஃபைல் மட்டும் நாலேகாலுக்குத்தான் வரும். சோதனை நன்றாக இருக்கிறது, ஃபைல்தான் வந்து சேரவில்லை என்று மிஸ்டர் டான் மலாயில் குத்திக் காட்டுவார். நான் லைனைத் திட்டினேன், ரவுட்டரைத் திட்டினேன், என் படிப்பையும் திட்டினேன்.

மூன்றாவது வாரம், போனில் ஒன்றைக் கவனித்தேன். அக்கா எடுத்தபோது பின்னால் பிரிண்டர் கரகரவென்று ஓடிக்கொண்டிருந்தது. சோதனை என்று நான் சொன்னதும் சத்தம் நின்றது. “எல்லாரும் கைய எடுங்க! பாச்சாங்குல டெஸ்ட்டு!” என்று அக்கா ஆபீசையே அதட்டினார். மூன்று வாரமாகக் காலி ரோட்டில் ஓட்டிப் பார்த்துவிட்டு நெரிசலே இல்லை என்று சான்றிதழ் கொடுத்திருக்கிறேன்! ஏன் நிறுத்தினீர்கள் என்று கேட்டால், அக்காவுக்கு என் கேள்விதான் விசித்திரம். “வீட்டுக்கு விருந்தாளி வந்தா ரேடியோவ நிறுத்த மாட்டமா, தம்பி?”

சொல்லாமல் செய்தது

மறுநாள் யாரிடமும் மூச்சுவிடாமல் மூன்று மணிக்குச் சோதித்தேன். லைன் மூச்சுத் திணறிக்கொண்டிருந்தது. எங்கள் சர்வரில் போய்ப் பார்த்தால், ஒரே அளவில் மூன்று ஃபைல்கள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு வருகின்றன. போனைப் போட்டேன்.

டிஸ்கெட் வழியில் கெட்டுப்போகும் என்று அக்கா எப்போதும் மூன்று காப்பி எடுப்பவர். லைன் வந்த பிறகும் பழக்கம் போகவில்லை. மூன்று பேரை மூன்று கணினியில் உட்காரவைத்து, ஒரே ஃபைலை ஒரே நேரத்தில் அனுப்பவைத்திருக்கிறார். பஸ்ஸிலிருந்து தப்பிக்கத் துடித்தவரே லைனை அடைத்துக்கொண்டிருந்தார். பாவமாகவும் இருந்தது, சிரிப்பும் வந்தது. ஒன்றே போதும் என்று நான் கெஞ்ச, அக்கா குரல் தாழ்ந்துவிட்டது. “அந்த ஒண்ணும் தொலஞ்சா, பேரு கெடுறது எனக்குத்தானே தம்பி?”

தொலைந்தால் என் பெயரைச் சொல்லுங்கள் என்றேன். அரைமனதாகச் சம்மதித்தார்.

கடைசி வெள்ளி

கெடுவின் கடைசி நாள், முதலாளி நேரில் பார்த்து முடிவு சொல்லும் நாள். மூன்று மணிக்கு மிஸ்டர் டான் என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார். மூன்று ஐந்து. மூன்று எட்டு. ஒன்றும் வரவில்லை. போன் செய்தேன்.

“இன்னைக்குப் பெரிய டெஸ்ட்டுன்னு தெரியும் தம்பி. காலையில இருந்து யாரையும் ஒண்ணயும் தொட விடல!”

“அக்கா, அனுப்புங்கக்கா!”

ஒரே ஒரு ஃபைல் கிளம்பியது. மூன்று இருபத்தெட்டுக்கு முழுசாக வந்து நின்றது. மிஸ்டர் டான் கடிகாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், லாரிக்காரர்களைக் கூப்பிடப் போய்விட்டார். இனி டிஸ்கெட் வேண்டாம் என்று அக்காவிடம் சொன்னேன். மெதுவாகச் சொன்னார்: “அப்ப இன்னைக்கு என் பிள்ளைங்க சுடுசோறு சாப்பிடும் லா.”

ஆள் துணையில்லாமல் தூரத்து லைனைச் சோதிக்கலாம் என்று கம்பெனிகள் சொல்வது உண்மைதான், அந்தப் பக்கத்து ஆட்கள் நமக்கு உதவி செய்யாமல் இருந்தால்.