வலது கைப் பக்கம் ஒரு கப்பல்

ஸ்ரீரங்கத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்குத் தொலைந்துபோகத் தெரியாது. கோயிலைச் சுற்றி உத்திர வீதி, அதைச் சுற்றிச் சித்திரை வீதி, அதையும் சுற்றி அடையவளஞ்சான் வீதி என்று எல்லாம் சதுரம் சதுரமாக, ஒன்றுக்குள் ஒன்று. வீட்டை விட்டுக் கிளம்பி, மூலை வரும்போதெல்லாம் வலது கைப் பக்கம் திரும்பிக்கொண்டே இருந்தால் போதும். கோயிலை வலம் வந்த புண்ணியமும் சேரும், சொந்த வீட்டு வாசலும் வந்துவிடும். சின்ன வயதில் என்னைக் கடைக்கு அனுப்பும்போது அம்மா சொல்லி அனுப்பியது இவ்வளவுதான்: "வழி தெரியலன்னா அழாத. வலது கைப் பக்கமே திரும்பிக்கிட்டு வா, வீடு வந்துடும்." இந்த ஞானத்தை நம்பித்தான் போன வருடம் நான் கொழும்பில் என் கணவரைக் கூட்டிக்கொண்டு நடந்தேன்.

கொழும்புக்குப் போகலாம் என்று முடிவு செய்தவர் அண்ணி. அண்ணி என்றால் என் கணவரின் அக்கா. கே.கே. நகரில் இருக்கிறார். காட்டூரில் இருக்கும் எங்கள் வீட்டில் சாம்பாருக்கு என்ன காய் போடுவது என்பது வரைக்கும் அவர்தான் சொல்வார். கெட்ட மனசு கிடையாது. எனக்குக் காய்ச்சல் என்றால் ரசத்தோடு முதலில் வந்து நிற்பவர் அவர்தான். ஆனால் வந்து நின்ற கையோடு என் சமையலறை அலமாரியை மாற்றி அடுக்காமல் கிளம்பமாட்டார். அதற்கப்புறம் ஒரு வாரத்துக்குக் கடுகு எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியாது.

என் கணவர் அக்கா பேச்சுக்கு மறுபேச்சு பேசியதே இல்லை. எங்கள் கல்யாணத்துக்கு அவர் கட்டிய வேட்டியின் கரையே அண்ணி எடுத்ததுதான். எது சொன்னாலும் "சரிக்கா" என்பார். அதிகம் போனால் "பரவால்லக்கா" என்பார். இந்த "பரவால்ல" இருக்கிறதே, அதைக் கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். மனசுக்குள் ஓர் ஆசையை மடித்து வைத்துவிட்டார் என்று அதற்கு அர்த்தம்.

கொழும்பு என்றதும் மட்டும் அவர் முகம் அப்படி மலர்ந்தது. காரணம் எனக்குத் தெரியும். அவருக்குத் துவாக்குடியில் ஒரு கம்பெனியில் வேலை. பாய்லருக்கான குழாய்களும் தகடுகளும் செய்து வெளிநாட்டுக்கு அனுப்புகிற இடம். இவர் சாமான்களைக் கட்டி அனுப்பும் பிரிவு. மரச்சட்டம் அடித்து, தார்ப்பாய் சுற்றி, ட்ரெய்லரில் ஏற்றியதும் டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைப்பார்கள். சூடம் காட்டியதும் வண்டி அதை நசுக்கிக்கொண்டு நகரும். அங்கே ஒரு வழக்கம் உண்டு. வண்டி கேட்டைத் தாண்டி ஹைவேயில் திரும்பி மறையும் வரைக்கும் யாரும் உள்ளே போகக்கூடாது. கையைத் தூக்கிக்கொண்டு அப்படியே நிற்க வேண்டும். பெண்ணைப் புகுந்த வீட்டுக்கு அனுப்புவது மாதிரி என்பார் இவர். வண்டி தூத்துக்குடிக்குப் போகும். அங்கிருந்து சின்னக் கப்பலில் கொழும்புக்குப் போய், பெரிய கப்பல் மாறும். அதற்கப்புறம் எந்தத் தேசமோ. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அனுப்பிக்கொண்டே இருக்கிறாரே தவிர, அது கப்பலில் ஏறுவதை இவர் பார்த்ததில்லை. அந்தப் பிரிவில் யாருமே பார்த்ததில்லை.

எங்கள் மகள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது, "கப்பல் எவ்ளோ பெருசுப்பா?" என்று கேட்பாள். இவர் இரண்டு கையையும் அகல விரித்து, "இவ்ளோ பெருசு" என்பார். அவள் இப்போது பெங்களூரில் வேலை பார்க்கிறாள். இவர் கை இன்னும் அதே அகலம்தான் விரிகிறது.

கிளம்புவதற்கு முந்தின நாள் கூட வேலை செய்பவர்கள் எல்லாரும் இவரைச் சூழ்ந்துகொண்டார்களாம். "அண்ணே, நம்ம சாமான் ஏர்ற எடத்தப் பாத்துட்டு வந்து சொல்லுங்க. கிட்டக்க நின்னு பாருங்க." வீட்டுக்கு வந்து இதைச் சொல்லும்போது, பரீட்சைக்குப் போகிறவர் மாதிரி இருந்தார். அடுத்த வருடம் ரிட்டையர் ஆகப்போகிற மனுஷன்.

திருச்சியிலிருந்து கொழும்பு என்ன தூரம்? திருவிழா நாளில் சத்திரம் பஸ் ஸ்டாண்டிலிருந்து கிளம்பி அம்மா மண்டபம் வந்து சேர்வதற்குள் கொழும்பில் இறங்கிவிடலாம். விமானத்தில் கொடுத்த பன்னை அண்ணி பாதி தின்பதற்குள் பெல்ட்டைப் போடச் சொல்லிவிட்டார்கள். மீதிப் பன் அவரோடு கொழும்பைச் சுற்றிப் பார்த்தது.

மூன்று நாளுக்கும் அண்ணி திட்டம் போட்டு வைத்திருந்தார். கோயில், கடை, கோயில், கடற்கரை, கடை. துறைமுகத்தைக் காணோம். நான் கேட்டதற்கு, "அது கடலோரம்தான இருக்கும், போற வழியில பாத்துக்கலாம்" என்றார்.

முதல் நாள் சாயங்காலம் காலிமுகத் திடலுக்குப் போனோம். நல்ல காற்று. பட்டம் விடுகிறவர்களும் குடும்பம் குடும்பமாக உட்கார்ந்திருப்பவர்களுமாகத் திருவிழாக் கூட்டம். அண்ணி வடையைப் பார்த்துவிட்டார். அன்றைக்குச் சனிக்கிழமை, அவர் கவுச்சி தொடமாட்டார். கடலைப் பார்த்தபடியே ஒரு வடையை வாங்கி வாயருகே கொண்டுபோனவர், அதன் நடுவில் ஓர் இறால் மீசையோடு படுத்திருப்பதைப் பார்த்துவிட்டு ஐயோ என்று அலறினார். அந்த ஊரில் அப்படித்தான் வடை. தம்பியிடம் நீட்டினார். இவர் வாங்கித் தின்றுவிட்டு, "நல்லாருக்குக்கா, இன்னொண்ணு?" என்று கேட்டதற்குத்தான் அன்றைக்கு நான் அதிகம் சிரித்தேன்.

அப்போதுதான் இவர் கையை நீட்டினார். தூரத்தில், வானமும் கடலும் சேருகிற இடத்தில், எறும்பு வரிசை மாதிரி நாலைந்து புள்ளிகள் தெரிந்தன. "கப்பல்" என்றார். அண்ணி கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "ஆமா, கப்பல்தான். பாத்தாச்சுல்ல? வா, கூட்டம் ஜாஸ்தியாகறதுக்குள்ள கெளம்பலாம்." அண்ணி கணக்கில் கப்பல் முடிந்தது.

"கிட்டக்க பாக்கணும்க்கா" என்றார் இவர்.

"நாளைக்குப் பாத்துக்கலாம் தம்பி."

மறுநாள் முழுக்கக் கோயில். மூன்றாம் நாள் சாயங்காலம் விமானம். காலையில் துறைமுகத்துக்குத்தான் முதலில் என்று அண்ணியே வாயால் சொன்னார். ஆனால் போகிற வழியில் புறக்கோட்டை வந்துவிட்டது. நம் ஊர் பெரிய கடைவீதியையும் காந்தி மார்க்கெட்டையும் ஒன்றாகக் கொட்டிக் கிளறியது போன்ற இடம் அது. சுமை இழுப்பவர்கள் கூவுகிறார்கள், செருப்பு மலையாகக் குவிந்திருக்கிறது, பலசரக்கு வாசனைக்கு நடுவே துணிக்கடைகள். அண்ணி ஒரு துணிக்கடையில் ஏறினார். ஒரு துணியை எடுப்பார், வெளிச்சத்துக்குக் கொண்டுவருவார், திரும்ப உள்ளே போவார். நேரம் ஓடிக்கொண்டே இருந்தது. கடைசியில் திரும்பிப் பார்க்காமலே சொன்னார்: "தம்பி, இதுக்கப்புறம் ஏர்போர்ட்டுக்குக் கெளம்புனாத்தான் சரியா இருக்கும். கப்பல அடுத்த தடவ பாத்துக்கலாம்."

"பரவால்லக்கா" என்றார் இவர்.

எனக்கு அங்கே நிற்கவே பிடிக்கவில்லை. அடுத்த தடவை எப்போது? ரிட்டையர் ஆனபிறகு யாருக்குப் போய்ச் சொல்வது? "வாங்க, ஒரு டீ குடிச்சுட்டு வரலாம்" என்று இவரை இழுத்துக்கொண்டு வெளியே வந்தேன். இரண்டு தெரு தள்ளி ஒரு கடையில் இஞ்சி தட்டிப்போட்ட ப்ளேன்டீ குடித்தோம். பால் கிடையாது, ஆனால் சுறுசுறுப்பான டீ. குடித்து முடித்துத் திரும்பினால், வந்த வழி எது என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை. எல்லாத் தெருவும் ஒரே மாதிரி, எல்லாத் தெருவிலும் துணிக்கடை. எங்கள் இரண்டு பேர் போனும் அங்கே வேலை செய்யாது. அந்த ஊர் சிம் வாங்கியிருந்தது அண்ணி மட்டும்தான்.

"யாரயாச்சும் கேக்கலாமே" என்றார். சுற்றிலும் பாதிப் பேர் தமிழில்தான் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"எதுக்குங்க கேக்கணும்? வலது கைப் பக்கமே திரும்பிக்கிட்டுப் போனா வந்த எடத்துக்கே வந்துடும். வாங்க, நான் கூட்டிட்டுப் போறேன்" என்றேன்.

முதல் திருப்பம் சரியாகத்தான் இருந்தது. இரண்டாவதில் தெரு கொஞ்சம் சாய்ந்து போனது. மூன்றாவது திருப்பம் வெகுநேரம் வரவே இல்லை. வந்தபோது அது ஒரு வெங்காய மண்டிக்குள் போய் முட்டி நின்றது. வெளியே வந்து அடுத்த வலதில் திரும்பினேன். துணிக்கடைகள் போய் நகைக்கடைகள் வந்தன. அதுவும் போய் ஒரு கோயில் கோபுரம் வந்தது. கோபுரத்தைப் பார்த்ததும் எனக்குத் தைரியம் பிறந்து, அதையும் வலது கைப் பக்கமாகச் சுற்றினேன். இவர் பின்னால் வந்தார். அண்ணி சொல்லைக் கேட்டுப் பழகிய மனுஷன், என் சொல்லையும் கேட்டுக்கொண்டு வந்தார். கடைசி வலதில் திரும்பினேன். அகலமான சாலை, வரிசையாக லாரிகள், அந்தப் பக்கம் உயரமான மதில் சுவர். துணிக்கடை எந்தத் திசையில் இருக்கிறது என்றே தெரியவில்லை. நான் அப்படியே நின்றுவிட்டேன்.

"ஏம்மா, அங்க பாரு" என்றார் இவர்.

மதிலுக்கு மேலே பிரம்மாண்டமான கிரேன்கள் வரிசையாகக் கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றன. அவற்றுக்குப் பக்கத்தில் வெள்ளையாக ஒரு கட்டடம். அதன் உச்சியில் ஏதோ சுற்றிக்கொண்டிருந்தது. கட்டடம் இல்லை, கப்பலின் மேல்பாகம்.

சாலை ஓரத்தில் ஒரு சாப்பாட்டுக் கடை இருந்தது. கல்லாவில் ஒரு நடுத்தர வயதுப் பெண். இவர் நேராக அவரிடம் போனார். யாரிடமும் எதுவும் கேட்கக் கூச்சப்படுகிறவர், "அம்மா, கப்பலக் கிட்டக்க பாக்கணும்ங்க. உள்ள விடுவாங்களா?" என்று கேட்டுவிட்டார்.

"உள்ளுக்கு விடமாட்டாங்க ஐயா. இந்தியாவா நீங்க? எங்கட மொட்டை மாடிக்கு ஏறுங்க, நல்லாத் தெரியும்" என்றார் அந்தம்மா. அண்ணிக்குத் தகவல் சொல்ல கடைக்காரம்மாவின் போனையே வாங்கிக்கொண்டேன். அண்ணி என்னென்ன சொன்னார் என்பது இங்கே வேண்டாம். கடைப் பெயரைச் சொல்லி, ஆட்டோ பிடித்து வரச்சொன்னேன்.

மாடியில் துணி காய்ந்துகொண்டிருந்தது. ஒரு போர்வையை விலக்கிவிட்டுப் பார்த்தால், துறைமுகம் முழுக்கக் காலடியில் கிடந்தது. கிரேன் ஒன்று ஒரு பெரிய இரும்புப் பெட்டியைத் தூக்கி, நிதானமாக நகர்த்தி, கப்பலில் இருந்த மற்றப் பெட்டிகளின் மேல் அடுக்கியது. சிவப்பு, நீலம், பச்சை என்று அடுக்கடுக்காக. ஒரு தெருவையே தூக்கிக் கடலில் நிறுத்திய மாதிரி இருந்தது அந்தக் கப்பல். இவர் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். கை விரிக்கவில்லை. அந்த மாதிரி இரும்புப் பெட்டிக்குள்ளேதான் அவர்கள் மரச்சட்டம் அடித்துக் கட்டிய சாமான்கள் இருக்கும் என்று மெதுவாக எனக்குச் சொன்னார். "எவ்ளோ பதனமா வெக்கிறான் பாரு" என்றார். எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. வழி தவறியதற்காக என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

அதே நேரத்தில் அதற்கு அடுத்து நின்ற பெட்டி ஏற்றி முடித்த இன்னொரு கப்பல் ஊதியது. வயிற்றுக்குள் அதிர்ந்தது அந்தச் சத்தம். சின்னப் படகுகள் இரண்டு அதை இழுக்க, கரையை விட்டு அசைந்தது.

படிக்கட்டில் அண்ணி குரல் முதலில் வந்தது, பிறகு துணிப் பைகள் வந்தன, கடைசியாக அண்ணி வந்தார். "ஏன்டா தம்பி, சொல்லிட்டுப் போகமாட்டியா? என் உசுரே போயிருச்சு. ஃப்ளைட்டுக்கு நேரமாச்சு, எறங்கு."

இவர் திரும்பவில்லை. "இரு அக்கா" என்றார்.

"என்னது?"

"கப்பல் கெளம்பிருச்சுக்கா. தாண்டிப் போகட்டும். அதுவரைக்கும் வரமாட்டேன்."

கல்யாணம் ஆனதிலிருந்து இவர் தன் அக்காவிடம் மாட்டேன் என்று சொல்லி நான் கேட்டது அன்றைக்குத்தான். அண்ணியும் அன்றைக்குத்தான் கேட்டிருக்க வேண்டும். பைகளைக் கீழே வைத்தார். பிறகு முதல்முறையாகக் கப்பலைப் பார்த்தார். "அம்மாடி!" என்றார், அவ்வளவுதான்.

கப்பல் மெல்லத் திரும்பி, அலை தடுக்கும் சுவரின் வாய்க்கு வந்தது. இவர் வலது கை தானாக மேலே போயிற்று. ஆட்டவில்லை, கம்பெனி கேட்டில் நிற்கிற மாதிரி சும்மா தூக்கிப் பிடித்திருந்தார். நானும் தூக்கினேன். கொஞ்ச நேரம் கழித்து, என் பக்கத்தில் அண்ணியின் வளையல் சத்தம் கேட்டது.

டீ எடுத்துக்கொண்டு மேலே வந்த கடைக்காரம்மா எங்கள் மூன்று பேரையும் பார்த்துவிட்டுத் தணிந்த குரலில் கேட்டார்: "உங்கட ஆக்கள் யாரும் அதுல போறாங்களா?"

இவர் கையை இறக்காமலே, "ஆமாங்க" என்றார்.