கோயில் முனையில் நின்ற ஓட்டம்

தெலுக் பங்லிமா காராங் பக்கம் குடிவந்த பிறகு, ஞாயிறு காலைகளில் நானும் என் அண்ணியும் செம்பனைத் தோட்டத்து மண்பாதையில் ஓடுகிறோம். மேடு பள்ளமே இல்லாத தரை. எந்தப் பக்கம் பார்த்தாலும் எண்ணெய்க்காக நட்ட செம்பனை வரிசைதான்.

பாதை திரும்பும் முனையில் சின்னதாக ஒரு முனியாண்டி கோயில். அங்கே வந்ததும் அண்ணி நின்று, சப்பாத்தைக் கழற்றிவிட்டுக் கும்பிடுவார். என் கைக்கடிகாரம் ஓட்ட நேரத்தைக் கூட்டிக்கொண்டே போகும். எனக்கு எரிச்சலாக வரும்.

போன மாதம் பொறுமை போய்விட்டது. "நீங்க கும்பிட்டு வாங்க அண்ணி, நான் போறேன்" என்று காதில் பாட்டை மாட்டிக்கொண்டு ஓடினேன். "நில்லு லா, பாம்பு!" என்று அவர் பின்னாலிருந்து கத்தினாராம்; எனக்குக் கேட்கவே இல்லை.

வெட்டிப் போட்ட மட்டைக் குவியலிலிருந்து வந்து, எனக்கு முன்னால் எழுந்து நின்றது ராஜநாகம். என் இடுப்பு உயரம். படம் விரித்து என்னை நேராகப் பார்த்தது. காதில் பாட்டு மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. சப்பாத்துகூடப் போடாமல் வந்த அண்ணி என் கையை இறுகப் பிடித்துக்கொண்டார்.

பயம்தான். ஆனாலும் வெயிலில் மின்னிய அந்தக் கழுத்தை விட்டுக் கண்ணை எடுக்க முடியவில்லை. அது அவசரமே படாமல் தலையைத் தாழ்த்திப் பாதையோரக் கால்வாய்க்குள் இறங்கியது. தலை மறைந்த பிறகும் உடல் பாதையைக் கடந்துகொண்டே இருந்தது.

இப்போது பாட்டு கேட்டு ஓடுவதில்லை. மட்டைக் குவியலைக் கண்டால் வேகத்தைக் குறைக்கிறேன். கோயில் முனையில் நானும் சப்பாத்தைக் கழற்றுகிறேன். கடிகாரத்தை மட்டும் நிறுத்துவதில்லை. நிற்கும் நேரமும் ஓட்டத்தில் சேரட்டும்.