நீக்கப்பட்ட நாற்பத்தொரு வரிகள்

பாடநூல் அச்சகத்தில் அவளை எல்லோரும் ஒற்றக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பிழை திருத்தும் வேலை. எங்கே ஒற்று மிகும், எங்கே மிகாது என்பதில் இருபத்திரண்டு வருஷமாக யாரையும் விட்டுவைத்ததில்லை. கழிவறைக் கதவில் ஒட்டியிருந்த அறிவிப்பைக்கூடச் சிவப்பு மையால் திருத்திவிட்டு வந்தவள். மற்றபடி எதிர்த்துப் பேசியே பழக்கமில்லை. பஸ்ஸில் தன் காலை மிதித்தவனிடமும் தானே மன்னிப்புக் கேட்பாள்.

அந்த வருஷம் ஒன்பதாம் வகுப்புப் புத்தகத்தில் ஒரு பழைய போர்க்காவியத்தின் பகுதி இருந்தது. எதிரிக்கு அடைக்கலம் கொடுத்த ஊரைக் கொளுத்தச் சொல்கிறான் அரசன். மந்திரிகள் தலையாட்டுகிறார்கள். கடைசி வரிசையில் ஒரு தேர்த்தச்சன் எழுந்து, ‘நான் செய்த தேர் அந்த ஊருக்குப் போகாது’ என்கிறான். நின்ற இடத்திலேயே வெட்டிச் சாய்க்கிறார்கள். தச்சன் வரும் அந்த நாற்பத்தொரு வரிகளையும் அவள் மனப்பாடமாக வைத்திருந்தாள்.

அச்சேறுமுன் சரிபார்க்கும் கடைசிப் படி வந்தபோது அந்த வரிகளைக் காணோம். பதிலாக ஒரே வாக்கியம்: ‘அவையோர் அனைவரும் ஒருமனதாக ஏற்றனர்.’

மேலாளரிடம் போனாள். “சார், இங்க கொஞ்சம் விட்டுப்போச்சு.”

“விட்டுப்போகல. மேல இருந்து எடுக்கச் சொல்லிட்டாங்க. பிழை இல்லன்னு கையெழுத்துப் போட்டுக் குடுங்க.”

“எடுத்தது எடுத்ததா இருக்கட்டும் சார். ஒருத்தரும் எதிர்க்கலன்னு எழுதியிருக்கே, அது பொய்யில்லையா?”

“ஒற்றுப் பாக்குறதுதாம்மா உங்க வேலை.”

அவள் கையெழுத்துப் போடவில்லை. படியை அவர் மேசைமேல் வைத்துவிட்டு வந்தாள். மதியச் சாப்பாட்டில் பிழை திருத்தும் மற்ற மூன்று பேரும், “நாங்களும் போட மாட்டோம்க்கா” என்றார்கள். சாயங்காலத்துக்குள் மூவருமே போட்டுவிட்டார்கள். அதில் இளையவள் அழுதுகொண்டே போட்டாளாம். அவள் புருஷன் படுத்த படுக்கை. ஒற்றக்காவால் அவள்மேல் கோபப்படவும் முடியவில்லை.

மறுவாரம் ஒற்றக்காவைக் கிடங்குக்குத் தூக்கியடித்தார்கள். ஜன்னலில்லாத கீழ்த்தளம். அங்கே அவளுக்குக் கிடைத்த வேலை அதே புத்தகத்தை ஐம்பது ஐம்பதாகக் கயிறு கட்டுவது. கயிறு விரல்களை அறுத்தது. பத்திரிகைகளுக்கு மூன்று கடிதம் எழுதினாள். ஒன்றும் வெளிவரவில்லை.

“அந்தத் தச்சன் செத்து ஆயிரம் வருஷம் ஆச்சு. நீ எதுக்கு அவனுக்காக மாரடிக்கிற?” என்றார் கணவர். திட்டுவதாகக்கூட இல்லை. அலுத்துப்போன குரல்.

அவர்களுடைய மகளும் ஒன்பதாம் வகுப்புதான். அரையாண்டுத் தேர்வுத் தாளைக் கொண்டுவந்து காட்டினாள். ‘அரசனை அவையில் எதிர்த்தவர் யார்?’ என்ற கேள்விக்கு ‘எவருமில்லை’ என்று எழுதியிருந்தாள். முழு மதிப்பெண்.

“உனக்குத்தான் அம்மா அந்தப் பாட்ட மனப்பாடமாச் சொல்லிக் குடுத்தேனேடி?”

“தெரியும்மா. புக்ல இருக்குறத எழுதினாத்தானே மார்க்கு?” நகத்தைக் கடித்துக்கொண்டே கேட்டாள். “அம்மா, அவரு பேசினதால அந்த ஊரு தப்பிச்சுதா?”

“இல்ல. அன்னிக்கே எரிச்சுட்டாங்க.”

“அப்புறம் எதுக்கும்மா எழுந்து நின்னாரு?”

ஒற்றக்கா தன் விரல்களைப் பார்த்தாள். கயிறு அறுத்த தடங்கள் இன்னும் ஆறவில்லை. மகளும் அந்தத் தடங்களையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.